நம்பிராஜனின் இடது கட்டைவிரல்

ஒரகடத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு காரும் தன் இடது கைக் கட்டைவிரலை நம்பித்தான் ஓடுகிறது என்று நம்பிராஜன் சொன்னபோது, அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சாம்பார் சாதத்தில் கையை வைத்தபடி, அடுத்து ஜோக் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. டிராயிங்ல, வட்டத்துக்குக் குறுக்க ஒரு கோடு போட்ட குறி இருக்கு பாத்தியளா, Ø, அதான் விட்டம். அது இல்லேன்னா எவ்வளவு பெரிய ஓட்டைன்னு மிஷின்காரனுக்குத் தெரியாது. ஓட்டை சரியில்லேன்னா போல்ட் நிக்காது. போல்ட் நிக்கலேன்னா பிரேக் நிக்காது. பிரேக் நிக்கலேன்னா வண்டி நிக்காது. இந்தக் கம்பெனில அந்தக் குறியக் கையால அடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான். ஆல்ட் கீய இடது கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு, வலது கையால பூச்சியம், ரெண்டு, ஒண்ணு, ஆறு. முடிஞ்சிது."

"அப்போ வண்டி ஓடறதுக்கு நீ காரணம் இல்ல நம்பி. நிக்கறதுக்குத்தான் காரணம்," என்றாள் காவேரி, அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

"நிக்கும்ங்கிற நம்பிக்கைலதான் எல்லாவனும் ஓட்டுதான்."

இந்த நேரத்தில் அறைத்தோழன் மணிகண்டபிரபு ஒரு பழுப்புநிற ஃபைலைக் கொண்டுவந்து நம்பிராஜனின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தான். கம்ப்யூட்டர் பிரிவின் சுற்றறிக்கை. நம்பிராஜன் அதைப் பார்க்காமலே இடது கையால் பேனாவை வாங்கி, துடைத்த வலது கைக்கு மாற்றி, சாம்பார் படாமல் கையெழுத்துப் போட்டான். மேனேஜருக்குப் பதிலாக ஒரு நாளைக்கு அறுபது தாளில் கையெழுத்துப் போடுகிறவன் அவன். கையெழுத்துப் போடுவது நம் வேலை, படிப்பது ஆடிட்டர் வேலை என்பது அந்தக் கம்பெனியில் எழுதப்படாத விதி. எழுதியிருந்தால் அதையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நம்பிராஜனுக்குச் சங்கரன்கோவில் பக்கம். பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் ஆவணப் பிரிவில் மூன்று வருடமாக டிரெய்னி. ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன அளவு, எத்தனை டிகிரி, கூடக் குறைய எவ்வளவு போகலாம் என்று சொல்லும் அட்டவணைக்குக் கண்ட்ரோல் பிளான் என்று பெயர். அதை அடிப்பதுதான் வேலை. தன் ஆதார் எண் அவனுக்குத் தெரியாது. ஆனால் டிகிரிக்கு 0176, கூட்டல் கழித்தலுக்கு 0177, மைக்ரானுக்கு 0181 என்று நாற்பத்தாறு எண்கள் மண்டைக்குள் இருந்தன. பெயின்ட் ஷாப்பிலிருந்து டிகிரிக்கு ஆள் வரும். ஒருமுறை ஹெச்.ஆர். சசிகலா மேடமே படியிறங்கி வந்தார். கேன்டீனுக்கு Café என்று புதுப் பலகை வைக்க முடிவாகியிருந்தது. கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடு வேண்டுமாம். நம்பிராஜன் 0233 அடித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகும் இட்லி அதே இட்லிதான். ஆனாலும் பலகையைத் தாண்டும்போதெல்லாம் அவன் தலை நிமிர்ந்துதான் நடந்தான்.

அவன் பக்கத்து மேசை காவேரி. வல்லக்கோட்டைக்காரி, அவனோடு ஒரே நாளில் சேர்ந்த டிரெய்னி. அவளுக்கு ஒரு எண்ணும் தெரியாது. தேவைப்படும் குறிகளையெல்லாம் எங்கெங்கிருந்தோ பொறுக்கி ஒரே ஃபைலில் வரிசையாகப் போட்டு, அதற்கு 'அஞ்சறைப்பெட்டி' என்று பெயர் வைத்திருந்தாள். குறி வேண்டுமென்றால் பெட்டியைத் திறப்பாள், மௌஸால் காப்பி எடுப்பாள், கொண்டுபோய்ப் போடுவாள். நம்பிராஜனுக்கு அதைக் கண்டாலே உடம்பெல்லாம் எரியும்.

"இன்னைக்கு என்ன கொழம்பு காவேரி?"

"டிகிரி கொழம்பு. ஊத்தட்டா?"

"எழுத்துன்னா அடிக்கணும். இரவல் வாங்கிப் போடுதது எழுத்தா?"

"பிரிண்ட்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் வருது. இரவலா சொந்தமான்னு யார் வந்து கேக்கப் போறாங்க? போப்பா."

இந்த வாக்குவாதம் மூன்று வருடமாக நடந்தது. ஜூன் மாதம் அதற்கு ஒரு விலை வந்துவிட்டது. முப்பதாம் தேதியோடு இரண்டு பேருக்கும் டிரெய்னி காலம் முடிகிறது. பிரிவில் நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. மேனேஜர் புருஷோத்தமன் இரண்டு பேரையும் கூப்பிட்டு உடைத்தே சொல்லிவிட்டார்.

"அடுத்த புதன்கிழமை ஜெர்மன்காரன் ஆடிட்டுக்கு வர்றான். ஹால்ல பெரிய ஸ்க்ரீன்ல கண்ட்ரோல் பிளான போட்டுகினு, அவன் சொல்லச் சொல்ல அங்கேயே திருத்தணும். விட்டம்னு ஆங்கிலத்துல எழுதிச் சமாளிக்க முடியாது, குறிதான் வேணுமாம். நம்பி, நீ உக்காரு. நல்லபடியா முடிச்சிட்டா லெட்டர் உனக்கு. சொதப்பினா காவேரிக்கு. நான் ஒண்ணும் மறைக்கல, பாத்துக்க."

காவேரியின் முகம் சுருங்கியதை நம்பிராஜன் கவனித்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டைவிரல் அவனிடம்தானே இருக்கிறது.

அன்று சாயங்காலமே இதை மணிகண்டபிரபுவிடம் சொன்னான். மணி அவனுக்கு ஒரே ஊர், ஒரே தெரு. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறை, ஒரே வாளி. மணியின் பயோடேட்டாவைத் தானே அடித்து, சசிகலா மேடம் கையில் தானே கொடுத்து, கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்துவிட்டவன் நம்பிராஜன். அவன் சொன்னதைக் கேட்ட மணி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"நல்லா பண்ணுலே," என்றான் நிமிராமலே.

சனிக்கிழமை மணி ஒரு மைசூர்பாகுப் பொட்டலத்தோடு வந்தான். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு வல்லக்கோட்டை முருகன் பிரசாதம் என்றான். முருகன் எப்போதிலிருந்து மைசூர்பாகு தர ஆரம்பித்தார் என்று நம்பிராஜன் யோசிக்கவில்லை. இரண்டு துண்டு தின்றான். நெய் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவன் மேசையில் பழைய கம்ப்யூட்டர் இல்லை. அது இருந்த இடத்தில் தூசியால் வரைந்த ஒரு செவ்வகம் இருந்தது. நடுவே தோசைக்கல் அகலத்தில் ஒரு லேப்டாப். எல்லா மேசையிலும் அதேதான். திறந்தால் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று இடது கட்டைவிரலை ஆல்ட்டில் வைத்து, வலது கையைப் பழக்கப்படி வலது பக்கம் இறக்கினான். விரல்கள் மேசைப் பலகையில் பட்டன. இல்லாத படியில் கால் வைத்தவன் மாதிரி ஒரு நொடி தடுமாறினான். எண்களுக்கென்று தனியாக இருக்கும் அந்தக் கட்டம், பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை அவன் விரல் தடம் பதிந்த கட்டம், இந்தக் கீபோர்டில் கிடையாது. மேல் வரிசை எண்களை அடித்துப் பார்த்தான். திறந்திருந்த பக்கங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவின. Ø வரவில்லை.

சர்வர் ரூமில் மணி ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, வலது பக்கத்து நம்பர் கீ எல்லாம் எங்கலே?"

"இந்த மாடல்ல கெடையாது."

"வேண்டாம்னு எந்த மடையன் சொன்னான்?"

மணி பழுப்பு ஃபைலை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, அவன் பக்கமாகத் தள்ளினான். 'ஆவணப் பிரிவு: தனி எண் விசைகள் தேவையில்லை.' அதற்குக் கீழே சாம்பார் படாத, அழகான ஒரு கையெழுத்து. தேதி. பிரிவின் முத்திரை.

நம்பிராஜன் அதை இரண்டு முறை படித்தான். மூன்று வருடத்தில் அவன் முழுதாகப் படித்த முதல் சுற்றறிக்கை அது.

"உனக்குத் தெரியும்லாலே. அந்த நம்பர் கீ இல்லாம என் வேலை ஓடாதுன்னு ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"நீ படிச்சிருக்கலாம்லா?"

"நீ சொல்லிருக்கலாம்லா?"

மணி கழுத்தைச் சொறிந்தான். "சொன்னா உங்க செக்‌ஷனுக்கு மட்டும் பெரிய மாடல் கேப்ப. எல்லாருக்கும் ஒரே மாடல்ல முடிச்சாதான் என்னைய பெர்மனன்ட் ஆக்குதேன்னாவ."

"ஆக்கிட்டாவளா?"

மணி ஃபைலை இழுத்து மூடினான்.

"கேக்கம்லா. ஆக்கிட்டாவளா?"

"சனிக்கிழமை மைசூர்பாகு தந்தேன்லா."

"முருகன் பிரசாதம்னியே!"

"கோயில்ல வச்சு எடுத்துட்டுதான் வந்தேன். பொய் சொல்லலலே."

தன் கட்டைவிரலை விற்ற இனிப்பைத் தானே இரண்டு துண்டு தின்று, நெய் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருந்தான் நம்பிராஜன்.

"காவேரிக்கிட்டயாவது சொன்னியா?"

"அவ ஃபைல மட்டும் காமன் ஃபோல்டர்ல போட்டு வைக்கச் சொன்னேன். பழைய மிஷினோட அழிஞ்சிரக் கூடாதுல்லா."

"அப்போ என்னோடது அழிஞ்சா பரவால்லியா?"

"உன்னோடது மண்டைலதானலே இருக்கு," என்றான் மணி. உண்மையிலேயே ஆறுதல் சொல்லும் குரலில்தான் சொன்னான். அதுதான் அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் நம்பிராஜன் மார்க்கர் பேனாவை எடுத்து வாளியில் தன் பெயரை எழுதினான். மணியோடு பேச்சு நின்றது. குளிக்க மட்டும் மணி ஜாடை காட்டி வாளி கேட்டான். இவன் ஜாடை காட்டிக் கொடுத்தான்.

ஆனால் மனம் தளரவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து லினக்ஸின் குறுக்குவழியைக் கண்டுபிடித்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், u மூன்றையும் சேர்த்து அமுக்கிவிட்டு, குறியின் எண்ணைப் பதினாறின் கணக்கில் அடிக்க வேண்டும். 216 அந்தக் கணக்கில் d8. 176 என்பது b0. நாற்பத்தாறு எண்களையும் மாற்றி எழுதி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்தான். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துக் கும்பிட்டு வைத்தார்.

"கத்தி மாறிருக்கு. கை மாறல," என்று மத்தியானம் கேன்டீனில் அறிவித்தான்.

"கட்டைவிரல் இன்னா பண்ணுது?" என்றாள் காவேரி.

"ரெஸ்ட் எடுக்கு."

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்பி, வெளையாட்டா சொல்லல. பெட்டி காமன் ஃபோல்டர்ல கீது. எந்த மிஷின்லேர்ந்தும் தொறக்கும். நாளிக்கு ஏதாவது ஆச்சுன்னா எடுத்துக்க," என்றாள்.

"உனக்கு எதிரா உக்காரப் போறவன்கிட்ட இத சொல்லுதியே?"

"எதிரால்லாம் இல்லப்பா. குறியத் தூக்கிப் போட்டா வேலை முடிஞ்சுது. இதுல இன்னா சண்டை?"

"தேவப்படாது," என்றான் நம்பிராஜன். அன்றைக்கும் தயிரைக் கடைசியில்தான் ஊற்றிக்கொண்டான். பதற்றமில்லாதவன் மாதிரி.

புதன்கிழமை பத்து மணிக்கு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். ஜெர்மன் ஆடிட்டர் நெற்றியில் சந்தனமும் தோளில் சால்வையுமாக முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புருஷோத்தமன் இன்-பண்ணிய சட்டையை மேலும் இன்-பண்ணினார். காவேரி கடைசி வரிசையில். மணி மூலையில், கையில் ஒரு வயரோடு நின்றான். நம்பிராஜன் மேசைக்கு வந்து பார்த்தான். அங்கே அவன் லேப்டாப் இல்லை. வெள்ளியாக, மெலிதாக, முதுகில் ஆப்பிள் படத்தோடு வேறொன்று இருந்தது.

"இன்னாப்பா பாக்குற? என்னுதுதான்," என்றார் புருஷோத்தமன். "புது லேப்டாப்புல ஸ்க்ரீனோட வயர் சேரலியாம். நேத்தே மணி வந்து கேட்டான். வூட்லேர்ந்து மேக்க எடுத்துகினு வந்துட்டேன்."

நேற்றே. நம்பிராஜன் மணியைப் பார்த்தான். மணி ஏசியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றும் இதே கையால்தான் வாளி கேட்டிருந்தான்.

ஆடிட்டர் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். இந்தத் துளையின் விட்டம் பன்னிரண்டு என்று மாற்றுங்கள், முன்னால் குறி இல்லை, அதையும் போடுங்கள் என்றார். நம்பிராஜன் கன்ட்ரோல், ஷிஃப்ட், u அமுக்கினான். d8 அடித்து, பின்னால் 12 சேர்த்தான். பெரிய திரையில், சுவர் அகலத்துக்கு, d812 என்று வந்தது.

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். டி எட்டு என்றால் என்ன என்று மரியாதையாகக் கேட்டார்.

அழித்தான். மறுபடியும் அடித்தான். மறுபடியும் d812. லினக்ஸ் குறுக்குவழி மேக்கில் செல்லவில்லை. புத்தி வேலை செய்யாதபோது கை பழைய வீட்டுக்குப் போகும். ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் ஆப்ஷன் என்று ஒரு கீ இருந்தது; அதன்மேல் சின்னதாக alt என்றும் எழுதியிருந்தது. அவ்வளவு போதும். இடது கட்டைவிரலை அதில் அழுத்தி, மேல் வரிசையில் பூச்சியம், ரெண்டு, ஒண்ணு, ஆறு என்று ஒவ்வொன்றாக, நிதானமாக அடித்தான்.

திரையில் வந்தது: º™¡§

ஆடிட்டர் வெகுநேரம் அதைப் பார்த்தார். இது தமிழ் எழுத்தா என்று கேட்டார். உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார்.

கடைசி வரிசையில் காவேரி 'ஃபோல்டர்' என்று உதடு மட்டும் அசைத்துச் சொன்னாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெர்மன்காரர் முன்னால், மணி முன்னால், மூன்று வருடமாகத் தன் கட்டைவிரல் கதையைக் கேட்ட அத்தனை பேர் முன்னால், போயும் போயும் அஞ்சறைப்பெட்டியா? நான்காவது முறை d812 வந்தபோது புருஷோத்தமன் எழுந்துவிட்டார்.

"நம்பி, நீ ஏந்திரு. காவேரி, வாம்மா."

அவள் வந்து உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தாள். மௌஸால் எடுத்து மௌஸால் போட்டாள். மேக்கா லினக்ஸா என்று அவள் கேட்கவேயில்லை. பதினேழு திருத்தம், இருபத்தைந்து நிமிடம். முடிந்ததும் ஆடிட்டர் அந்த ஃபைலை மறுபடியும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக இப்படி ஒன்று வைத்திருப்பது நல்ல வழக்கம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார். தனி மனிதர்களின் ஞாபகத்தை நம்பாத முறை என்று பாராட்டினார். புருஷோத்தமன் அதைத் தானே யோசித்தவர் மாதிரி தலையாட்டினார்.

ஐந்து மணிக்கு லெட்டர் காவேரிக்குப் போனது. நம்பிராஜனுக்கு இன்னும் ஆறு மாதம் டிரெய்னியாகவே நீட்டிப்பு. அதுவும் காவேரி சொன்னதால்தான் என்று சசிகலா மேடம் பிற்பாடு சொன்னார்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் மணி கூடவே நடந்தான். இரண்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்தான்.

"ஏலே, மேக்க பத்தி நேத்தே சொல்லணும்னுதான் நெனச்சேன். நீதான் பேச மாட்டேன்னுட்டியே."

"ஜாடை காட்டிருக்கலாம்லா. வாளிக்குக் காட்டுனல்லா."

மணி நின்றுவிட்டான். நம்பிராஜன் நிற்காமல் நடந்தான்.

வியாழக்கிழமை காலை காவேரி லீவு. வேண்டுதல் என்று வல்லக்கோட்டை கோயிலுக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு ஆடிட்டரிடமிருந்து மெயில் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு விட்டக்குறி விட்டுப்போயிருக்கிறது. ஃபைல் இன்னும் ஹாலில் மேக்கில்தான் இருக்கிறது, போய் முடித்துவிட்டு வா என்றார் புருஷோத்தமன்.

ஹாலில் யாருமில்லை. நேற்றைய சால்வையின் நெகிழி உறை நாற்காலியில் கிடந்தது. நம்பிராஜன் கதவைச் சாத்தினான். உட்கார்ந்தான். மேக்கில் இந்தக் குறிக்கு ஆப்ஷன், ஷிஃப்ட், o என்று எங்கேயோ படித்திருந்தான்; மண்டைக்குள் இன்னொரு நாற்பத்தாறு ஏற்றுவதற்கு இடமும் இருந்தது. ஆனால் எதற்கு? நாளைக்கு மணி இந்த மேசையில் எதைக் கொண்டுவந்து வைப்பான் என்று யாருக்குத் தெரியும்?

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, காமன் ஃபோல்டரில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தான்.

அழகாகத்தான் வைத்திருந்தாள். டிகிரி ஒரு வரி, மைக்ரான் ஒரு வரி, Café-யின் é கூட ஒரு வரி. ஆகக் கடைசியில், எப்போதாவது தேவைப்படும் என்று தலைப்பிட்டு, º™¡§ என்று போட்டு, பக்கத்தில் 'நம்பி' என்று எழுதியிருந்தாள். அதை அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை.

முதல் வரியில் இருந்த Ø-ஐத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலையும் c-யையும் அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. இங்கே காப்பி எடுப்பதற்கும் வேறு கீ. கீபோர்டைக் குனிந்து தேடினான். ஸ்பேஸ் பாருக்கு இடது பக்கத்தில், சரியாகப் பழைய ஆல்ட் இருந்த இடத்தில், கமாண்ட் என்று ஒன்று இருந்தது.

மூன்று நாளாக எதற்கும் உதவாமல் கிடந்த இடது கட்டைவிரலை எடுத்து அதன்மேல் வைத்தான். c. பிறகு, ஒன்பதாம் பக்கத்தில், v.